வாசலோடு நிற்க வேண்டிய துப்பாக்கி

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதுவரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர் அது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது அந்த மாவட்டத்தோடு அங்கே போனது. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகமும் கே.விநாயகம் போன்ற உள்ளூர்த் தலைவர்களும் நடத்திய எல்லைப் போராட்டம், எச்.வி.படாஸ்கரின் தீர்ப்பு, 1959-இல் நாடாளுமன்றம் இயற்றிய எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றைக் கடந்துதான் அது திரும்பி வந்தது. அந்தச் சட்டத்தால் சென்னைப் பேரவையின் உறுப்பினர் எண்ணிக்கை 205-இலிருந்து 206 ஆயிற்று. எந்தப் பேரவையில் தங்களுக்கு இடம் என்பதற்காக மறியல் செய்து, சிறை சென்று, மனுக் கொடுத்துக் காத்திருந்த மக்கள் அவர்கள். வலுவுள்ளவன் சொல் அல்ல, வாக்குகளின் எண்ணிக்கையே பேரவையில் செல்லும் என்று நம்பியதால்தான் அந்த இடம் அவர்களுக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. அந்த நம்பிக்கையைக் காக்க எளிய விதி ஒன்று வேண்டும். பேரவைக்குள்ளும், அதன் உறுப்பினரும் அவருடைய உதவியாளர்களும் நாள்தோறும் சென்று வரும் அரசு அலுவலகங்களுக்குள்ளும் துப்பாக்கி வரக்கூடாது. உறுப்பினர், உதவியாளர், அவைக் காவலர் என்று எவருக்கும் இதில் விலக்கு இருக்கக்கூடாது. ஆயுதம் தாங்கிய காவல் கட்டடத்துக்கு வெளியே நிற்க வேண்டும், அது தனி அதிகாரத்தின் கீழ் இருக்க வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

இந்த விதி நம் சட்டத்துக்குப் புதியதன்று. அதன் ஒரு பகுதி ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 134ஆ பிரிவின்படி, வாக்குப்பதிவு நாளில் வாக்குச்சாவடிக்கு அருகில் ஆயுதத்தோடு போவதே குற்றம். இரண்டாண்டு வரை சிறை உண்டு. தண்டிக்கப்பட்டால் ஆயுதம் பறிமுதலாகும், உரிமமும் ரத்தாகும். தேர்தல் நடத்தும் அலுவலர், வாக்குச்சாவடித் தலைமை அலுவலர், காவல் பணியில் இருப்போர் ஆகியோருக்கு மட்டுமே விலக்கு. வேட்பாளருக்கு இல்லை, அமைச்சருக்கும் இல்லை. இதற்கு முன்பே, தேர்தல் அறிவிப்பு வந்தவுடன், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் வழக்கம் தமிழகத்தின் எல்லா ஊர்களிலும் உண்டு. யாரிடம் கேட்பது, யாரை விடுவது என்று பரிசீலிக்கக் குழுவும் உண்டு. திருத்தணி போன்ற எல்லையூருக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும். தேர்தல் காலத்தில் நகரி சாலையில் பொன்பாடி சோதனைச்சாவடியில் நிறுத்தப்படாத வண்டி அரிது. ஆக, ஒருவரை உறுப்பினராக்கும் நாளில், ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குப் பக்கத்தில்கூடத் துப்பாக்கி வரக்கூடாது என்கிறது சட்டம். அவர் வென்ற மறுநாள் அதே ஊரின் நகராட்சிக் கூட்டத்துக்கோ, வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ அவருடைய ஆட்களில் ஒருவர் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு வந்தால் அதே தெளிவோடு எந்தச் சட்டம் பேசும்?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இதற்கு நேராக விடை சொல்வதில்லை. துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் மூன்றுக்குப் பதில் இரண்டு துப்பாக்கிகளே வைத்திருக்கலாம். பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலிட்டு, வெளியே தெரியாமல் மூடிக் கொண்டுசெல்ல வேண்டும் என்கின்றன 2016-ஆம் ஆண்டு விதிகள். சுழற்றிக் காட்டினாலோ விழாவில் சுட்டாலோ உரிமம் போகும். உரிமம் பெற்றவரின் பணியாளர் ஒருவர் பெயரை உரிமத்திலேயே சேர்த்து, அவர் ஆயுதத்தைச் சுமக்கவும் வழி இருக்கிறது. அரசு ஊழியர் தம் கடமையின் பொருட்டு ஏந்தும் ஆயுதத்துக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்கிறது 45-ஆம் பிரிவு. இவற்றையெல்லாம் சேர்த்துப் பாருங்கள். சட்டமன்ற உறுப்பினர் உரிமம் பெறலாம். அவருடைய உதவியாளர் அந்த உரிமத்தின் பேரில் ஆயுதம் சுமக்கலாம். பேரவைச் செயலகத்தின் ஊழியருக்கு ஓர் ஆணையின் மூலம் ஆயுதம் கொடுத்துவிடலாம். உரிமம் கேட்பவரின் தகுதியை மாவட்ட ஆட்சியர் ஆராய்வார். உரிமம் பெற்றவர் எந்தக் கட்டடத்துக்குள் துப்பாக்கியோடு நுழைவார் என்பது அந்த ஆய்வின் மையமாக இருப்பதில்லை. விதி உறையைப் பற்றிப் பேசுகிறது. வாசலைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை.

பேரவையின் நிலை வேறு. அதன் வளாகம் முழுவதும் அவைத் தலைவரின் அதிகாரத்தில் இருக்கிறது. இந்த அதிகாரம் எப்படி வந்தது என்பதை அறிந்தால் ஆயுதப் பிரச்சினையின் வேர் புலப்படும். 1929 ஏப்ரல் 8 அன்று டில்லியில் மத்திய சட்டசபையின் பார்வையாளர் மாடத்திலிருந்து பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும் குண்டு வீசினர். அந்தச் சூழலில் காவல்துறையின் கையில் சபையை ஒப்படைப்பதுதான் ஆட்சியாளருக்கு இயல்பாகத் தோன்றியிருக்கும். சபைத் தலைவராக இருந்த விட்டல்பாய் படேல் அதற்கு இசையவில்லை. சபைக்குள் காவல், சபைத் தலைவருக்கு மட்டுமே கட்டுப்பட்ட ஊழியரிடம் இருக்க வேண்டும் என்று நின்றார். அந்த ஆண்டு செப்டம்பரில் அமைந்த குழுவின் வழியாகப் பிறந்ததே நாடாளுமன்றத்தின் ‘வாட்ச் அண்ட் வார்டு’; 2009-இல் நாடாளுமன்றப் பாதுகாப்புப் பணி என்று பெயர் மாறியது. அன்னிய அரசு ஆண்ட காலத்தில், குண்டு வெடித்த சில மாதங்களில், இந்தியத் தலைவர் ஒருவர் எடுத்த முடிவு இது. சுதந்திரத்துக்குப் பின் அரசியலமைப்பின் 98, 187 ஆகிய பிரிவுகள் நாடாளுமன்றத்துக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் தனிச் செயலக ஊழியர் வேண்டும் என்று விதித்ததிலும் அதே எண்ணம்தான் இருக்கிறது. அமைச்சரவைக்குக் கட்டுப்பட்ட கை, அமைச்சரவையைக் கேள்வி கேட்கும் அவையின் கழுத்தில் படக்கூடாது.

அந்த எல்லை அழிந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழகம் 1988 ஜனவரி 28 அன்று கண்டது. எம்.ஜி.ஆர். மறைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஜானகி அம்மையாரின் அமைச்சரவை நம்பிக்கை வாக்குக் கோரிய நாள் அது. பேரவைத் தலைவர் பி.எச்.பாண்டியன். அவைக்குள் கைகலப்பு மூண்டது. காவல்துறையினர் உள்ளே வந்து உறுப்பினர்கள்மேல் தடியடி நடத்தினர். அன்று எண்ணப்பட்ட வாக்குகளை நாட்டில் யாரும் நம்பத் தயாராக இல்லை. ஜனவரி 30 அன்று அமைச்சரவை கலைக்கப்பட்டு, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. உள்ளே வந்தது தடிதான், துப்பாக்கி அல்ல. தடிக்கே இந்த விளைவு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில் இன்னொரு வகைச் சிக்கல் எழுந்தது. தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டனர், 122-க்கு 11 என்று அரசு வென்றது, அவைக் காவலர் உடையில் காவல்துறை அதிகாரிகள் உள்ளே கொண்டுவரப்பட்டனர் என்று மு.க.ஸ்டாலின் குற்றம் சாட்டினார். குற்றச்சாட்டின் மெய்ம்மையை இங்கே தீர்ப்பது என் வேலையன்று. ஆனால் அந்தக் கேள்வி எழுவதற்கே இடம் இருந்தது என்பதுதான் முக்கியம். உள்ளே வந்தவர் யாருடைய ஆள், யாருடைய ஆணையில் வந்தார் என்று உறுப்பினர்களுக்குத் தெரியவில்லையென்றால் அவையின் தீர்மானத்துக்கு மேல் நிழல் விழுகிறது. டில்லியிலும் இதே கேள்வி 2025 ஆகஸ்டில் வந்தது. மாநிலங்களவையின் மையப்பகுதிக்கு மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர் வரவழைக்கப்பட்டதாக எதிர்க்கட்சித் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே கடிதம் எழுதினார். வந்தவர்கள் மார்ஷல்களே என்று ஆளும் தரப்பு மறுத்தது. 1929-இல் விட்டல்பாய் படேல் போட்ட கோட்டின் மேல்தான் இந்தச் சண்டை நடந்தது.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று இருக்கிறது. அதை லேசாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை. 2001 டிசம்பர் 13 அன்று உள்துறை அமைச்சகத்தின் போலி ஒட்டுச்சீட்டோடு ஓர் அம்பாசடர் காரில் ஐந்து பயங்கரவாதிகள் நாடாளுமன்ற வளாகத்துக்குள் நுழைந்தனர். அவர்களால் ஒன்பது பேர் இறந்தனர். வாட்ச் அண்ட் வார்டைச் சேர்ந்த ஜகதீஷ் பிரசாத் யாதவும் மாத்பர் சிங் நேகியும் அவர்களில் இருவர். இருவரிடமும் ஆயுதம் இல்லை. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் காவலர் கமலேஷ் குமாரியும் அன்று இறந்தார். அந்தக் காரைச் சந்தேகித்துக் குரல் கொடுத்தவர் அவர். அவரிடமும் துப்பாக்கி இல்லை. மூவருக்கும் மறைவுக்குப் பின் அசோக சக்ரா வழங்கப்பட்டது. இவர்களின் கையில் ஆயுதம் இருந்திருந்தால் இந்த உயிர்களில் சில எஞ்சியிருக்கலாம் என்று ஒருவர் சொன்னால், அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் அந்த நாளை உற்றுப் பார்த்தால் அது வேறொரு பாடத்தைச் சொல்கிறது. கட்டடத்துக்குள் இருந்த உறுப்பினர்களைக் காத்தது உடனே மூடப்பட்ட கதவுகளும், வெளியே நின்று சுட்டு ஐந்து பேரையும் வீழ்த்திய படையினரும்தான். உள்ளே இருந்த ஊழியரின் பணி எச்சரிப்பதும் கதவடைப்பதும். அதை அவர்கள் உயிரைக் கொடுத்துச் செய்தனர். கமலேஷ் குமாரி ஆயுதப் படையின் காவலர். வெளி வளையத்தில் நின்ற அவருக்குத் துப்பாக்கி தராதது வெளி வளையத்தின் குறை. அந்தக் குறையை வெளி வளையத்தில்தான் சரிசெய்ய வேண்டும். அவைக்குள் இருக்கும் மார்ஷலின் இடுப்பில் துப்பாக்கி மாட்டினால் கமலேஷ் குமாரிக்கு இழைத்த தவறு தீராது. 2017 மார்ச் 22 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் வாசலில் ஆயுதமின்றி நின்ற காவலர் கீத் பாமர் குத்திக் கொல்லப்பட்டதும் வெளி வாசலின் குறையே.

கனடாவின் கதை இதைவிடக் கடினமானது. 2014 அக்டோபர் 22 அன்று துப்பாக்கியோடு ஒருவன் ஒட்டாவா நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே வந்துவிட்டான். வாசலில் ஆயுதமில்லாத பாதுகாவலர் அவனோடு மல்லுக்கட்டிக் காலில் சுடப்பட்டார். இறுதியில் அவனை வீழ்த்தியவர்களில் முதன்மையானவர் அவையின் அதிகாரியான கெவின் விக்கர்ஸ். அதாவது சட்டமன்ற ஊழியர் ஒருவர் தம் அறையிலிருந்து கைத்துப்பாக்கியை எடுத்துவந்து அவையைக் காத்தார். என் வாதத்துக்கு எதிரான சான்று இதுவே என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கனடா இதிலிருந்து எடுத்த முடிவு, ஊழியர் எல்லோரும் துப்பாக்கி வைத்துக்கொள்ளட்டும் என்பதன்று. 2015-இல் பிளவுபட்டிருந்த காவல் பிரிவுகளை இணைத்து ஒரே நாடாளுமன்றப் பாதுகாப்புப் பணியை உருவாக்கியது. பயிற்சியும் ஆயுதமும் அதற்குத் தந்தது. அப்போதும் அதன் செயல்பாட்டுத் தலைமை நாட்டின் காவல்துறையிடம் போனதைக் குறித்து, அவையின் தன்னுரிமை என்னாவது என்று அந்நாட்டிலேயே கேள்வி எழுந்தது. விக்கர்ஸின் திறமை ஒருவருடைய பல்லாண்டுக் காவல்பணியின் பயன். அதை விதியாக்கி எல்லா ஊழியருக்கும் பங்கிட முடியாது. தவிர, ஒட்டாவாவில் வந்தவன் வெளியாள். நம் பேரவைகளில் கைகலப்பு மூளும் நாள்களில் எதிரெதிரே நிற்பவர்கள் வெளியாட்கள் அல்லர். 1988-இன் அந்த நெரிசலில் ஒரு காவலரின் உறையிலிருந்த துப்பாக்கி வேறு கைக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே நடுக்கமாக இருக்கிறது.

அடுத்த எதிர்வாதம் விலக்குப் பற்றியது. உறுப்பினர்களும் அவர்களுடைய ஊழியரும் பொறுப்பானவர்கள், அவர்களைச் சோதிப்பது அவமதிப்பு என்பார்கள். அமெரிக்காவில் இந்த எண்ணம் விதியாகவே இருக்கிறது. 1967-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் தம் அலுவலக அறையில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம்; அவரோ அவருடைய ஊழியரோ குண்டு நீக்கிப் பொதிந்து வளாகத்துக்குள் எடுத்துச் செல்லலாம். 2007-இல் செனட்டர் ஜிம் வெப்பின் உதவியாளர் குண்டு ஏற்றிய கைத்துப்பாக்கியோடு செனட் அலுவலகக் கட்டடத்தின் வாசலில் பிடிபட்டார். பின்னர் வழக்குக் கைவிடப்பட்டது. அந்நாட்டு நாடாளுமன்றக் கட்டடத்தில் 2021 ஜனவரி 6 அன்று நடந்த கலவரத்துக்குப் பின் பிரதிநிதிகள் அவையின் வாசலில் உலோகம் கண்டறியும் கருவிகள் வைக்கப்பட்டன. சில நாள்களிலேயே ஆண்டி ஹாரிஸ் என்னும் உறுப்பினரிடம் துப்பாக்கி இருப்பதை அந்தக் கருவி காட்டியது. 2023-இல் பெரும்பான்மை மாறியதும் கருவிகள் அகற்றப்பட்டன. சோதனை கட்சிச் சண்டையின் பொருளாகிவிட்டால் அதன் கதி இதுதான். நம் நாட்டிலும் விலக்கு ஓட்டையாவதைக் காண வெகுதூரம் போக வேண்டாம். 2021 செப்டம்பர் 24 அன்று டில்லி ரோகிணி நீதிமன்றத்துக்குள் இருவர் வழக்கறிஞர் உடையில் வந்து, விசாரணைக்குக் கொண்டுவரப்பட்ட ஒருவரைச் சுட்டுக் கொன்றனர். அந்தக் கறுப்பு அங்கிக்குக் கிடைத்த மரியாதையே அவர்களுக்கு நுழைவுச்சீட்டானது. 2024 பிப்ரவரி 2 அன்று மகாராஷ்டிரத்தின் உல்லாஸ்நகரில், காவல் ஆய்வாளரின் அறைக்குள்ளேயே, கல்யாண் கிழக்குத் தொகுதி உறுப்பினர் கண்பத் கெய்க்வாட் தம் கூட்டணிக் கட்சிப் பிரமுகர் மகேஷ் கெய்க்வாட் மீது சுட்டதாக வழக்குப் பதிவாகி, அவர் கைது செய்யப்பட்டார். நிலத்தகராறு பற்றிப் பேச வந்த இடம் அது. அறையைச் சுற்றிக் காவலர்கள் இருந்தும் தடுக்க முடியவில்லை. ஏனென்றால் உறுப்பினர் என்பவரை வாசலில் யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை. உறுப்பினர் என்ற தகுதி குற்றத்துக்குக் கேடயமாகாது என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கேரளப் பேரவையில் 2015-இல் நடந்த அமளி பற்றிய வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டது. வாசலில் சோதனைக்கு அது கேடயமாகலாமா?

திருத்தணிக்கு வடக்கே சில கிலோமீட்டரில் வேறொரு அரசியல் பழக்கம் தொடங்குகிறது. ஆந்திரத்தில் சட்டமன்ற உறுப்பினருக்கு அரசு கொடுக்கும் ‘கன்மேன்’ காவல் அன்றாடப் பேச்சில் இருக்கும் சொல். இத்தனை பேர் வருகிறார்கள் என்பதே தலைவரின் மதிப்பை அளக்கும் அளவுகோலாகிவிட்டது. உயிருக்கு ஆபத்துள்ளவருக்குக் காவல் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காவல் கட்டடத்துக்குள்ளும் தொடர்ந்தால்தான் உயிர் தப்பும் என்பதற்குச் சான்று குறைவு. 2018 செப்டம்பர் 23 அன்று அரக்கு தொகுதி உறுப்பினர் கிடாரி சர்வேஸ்வர ராவை மாவோயிஸ்டுகள் வழிமறித்தபோது, உடன் வந்த காவலர்களின் ஆயுதங்களையும் பறித்துக்கொண்டார்கள். ஆபத்து சாலையில் இருந்தது. அங்கேயே துப்பாக்கி பயன்படவில்லை. நகராட்சி மன்றக் கூடத்தில் உறுப்பினரைச் சூழ்ந்து நிற்கும் துப்பாக்கி எதிராளியைத் தடுப்பதைவிட மனுக் கொடுக்க வந்தவரையே அதிகம் தடுக்கிறது. பட்டா மாறுதலுக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நிற்கும் பெண்மணி, உறுப்பினரின் ஆள் ஒருவரின் சட்டைக்குள் புடைத்திருப்பதைப் பார்த்தபின் எதைக் கேட்பார், எதைக் கேட்காமல் திரும்புவார்? இந்தப் பகுதியின் மரபிலும் ஆயுதத்துக்கு எல்லை உண்டு. மற்ற படைவீடுகளில் கந்த சஷ்டியில் சூரசம்ஹாரம் நடக்கும். போர் முடிந்து முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை என்பதால் திருத்தணியில் அது நடப்பதில்லை. வேலேந்திய கடவுளின் தலத்திலேயே போருக்கு இடமில்லாத ஓர் இடம் உண்டு என்று ஏற்றுக்கொண்ட ஊர் இது.

இனி நடைமுறை. தலைமைச் செயலகத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் கருவியும் படையும் உண்டு. திருத்தணி கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் யார் கருவி வைப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விதிக்கு முதலில் வேண்டியது கருவியன்று, ஓர் அறிவிப்பும் ஒரு பூட்டும். தேர்தல் காலத்தில் ஒவ்வொரு காவல் நிலையமும் துப்பாக்கியை வாங்கி, எண்ணைக் குறித்து, ரசீது கொடுத்துத் திருப்பித் தருகிறது. இதே முறையை ஆண்டு முழுவதும் வைக்கலாம்: அரசு அலுவலகத்துக்கு வேலையாக வரும் உரிமதாரர் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஆயுதத்தை வைத்துவிட்டு வரட்டும். தொகுதிதோறும் அரசு கட்டிக்கொடுத்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தையும் இந்த விதிக்குள் கொண்டுவர வேண்டும். அது கட்சி அலுவலகம் அல்ல, அரசுக் கட்டடம். உரிமம் வழங்கும்போதே மாவட்ட ஆட்சியர் இதை நிபந்தனையாக எழுதலாம். மீறினால் உரிமத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் ஆயுதச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. ‘தமிழகத்தில் இப்படி எதுவும் நடக்கவில்லையே, எதற்கு விதி?’ என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சுட்ட சத்தம் கேட்ட பிறகு எழுதப்படும் விதிகள் அச்சத்தால் எழுதப்படுகின்றன. அப்போது ஊழியருக்கும் துப்பாக்கி கொடு என்ற குரலே முதலில் எழும். அமைதியாக இருக்கும்போதுதான் எல்லோரையும் சமமாக நிறுத்தும் விதியை எழுத முடியும்.

பேரவைக்குள் இன்னும் ஒரு விதி தேவை. அவைக் காவலர் பணிக்குக் காவல்துறையிலிருந்து அயல்பணியில் ஆள் எடுக்கும் மாநிலங்கள் உண்டு. கேரளம் ஓர் எடுத்துக்காட்டு. அப்படி வருபவரின் பெயர், பதவி, எந்த நாளிலிருந்து அவையின் கட்டுப்பாட்டில் இருக்கிறார் என்ற விவரம் உறுப்பினர்கள் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முந்தைய நாளில் புதிய முகங்கள் சேரக்கூடாது. வெளியே நிற்கும் ஆயுதக் காவலை உள்ளே அழைக்க வேண்டிய கேடான நாள் வரலாம். அன்று அந்த ஆணையைப் பேரவைத் தலைவர் வாய்ச்சொல்லாகத் தராமல் எழுத்தில் தர வேண்டும். யார் கேட்டார், எத்தனை பேர் வந்தனர், என்ன ஏந்தி வந்தனர், எந்த நேரத்தில் வெளியேறினர் என்பது அதில் இருக்க வேண்டும். அடுத்த அமர்வின் முதல் அலுவலாக அந்தத் தாள் அவையின் மேசையில் வைக்கப்பட வேண்டும். ஆளுங்கட்சி உறுப்பினருக்கும் எதிர்க்கட்சி உறுப்பினருக்கும் அதன் படி ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும்.